முகவரி இல்லாத உறை

பத்தாம் மாடிக்கும் பதினொன்றுக்கும் நடுவே
கம்பி அறுந்தது.
பெட்டியின் அவசரப் பற்கள் தண்டவாளத்தைக் கவ்விய ஓசை
இன்னும் என் கடைவாயில் இருக்கிறது.

மல்காஸ் என் பெயர்.
திபிலிசியின் பழைய குடியிருப்புகளில் லிஃப்ட் பழுதுபார்ப்பவன்.
காசு போட்டால்தான் ஏறும் பெட்டிகள் அவை.
அன்று காசு போடாமலே பிழைத்தேன்.

வீட்டுக்கு வந்து, நன்றி என்றேன்.
யாருக்கு என்று தெரியவில்லை.
முகவரி எழுதாத உறைபோல
வாரக்கணக்கில் மேசைமேல் கிடந்தது அந்தச் சொல்.
அதனால்தான் தொடங்கினேன்.
வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

முதலில், குழந்தையாய் என்னை முக்கியெடுத்த தேவாலயம்.
நாற்பத்தெட்டு நாள் பாலையும் முட்டையையும் விலக்கி
பீன்ஸும் வால்நட்டுமாய் வாழ்ந்தேன்.
ஞாயிறுதோறும் மூன்று மணி நேரம் நின்றதில்
பழைய மொழி பாதிதான் பிடிபட்டது.
குதிகால் மட்டும் முழுதாய் ஜெபித்தது.
"கடவுள் கிடைத்தாரோ இல்லையோ, தொப்பை போயிற்று"
என்றாள் நாதெலா,
மணவிலக்குக்குப் பின்னும் என் சட்டைக்குப் பட்டன் தைப்பவள்.

பிறகு ரோவ்ஷனோடு நோன்பு.
கோடை. இறங்கமாட்டேன் என்று அடம்பிடிக்கும் சூரியன்.
தாகத்தில் கிரீஸ் டப்பாகூடத் தேனாய் மினுங்கியது.
கந்தகக் குளியல் தெருவுக்கு மேலே, மசூதி முற்றத்தில்,
இருபதாம் நாள் அவன் சொன்னான்,
கோபமில்லாமல், தர்பூசணி அறுத்தபடி:
"நீ விருந்தாளி. நடுத்துண்டு உனக்குத்தான்.
ஆனால் விருந்தாளி பாத்திரம் கழுவுவதில்லை."
அன்றிரவு எண்பது தட்டுகள் கழுவினேன்.
எண்பத்தொன்றாவதில் அழுகை வந்தது.
அதுவும் தொழுகையில் சேருமா என்று கேட்கவில்லை.
சோப்பு என்று சொல்லியிருப்பான்.

யாசிதிகளின் கோவிலுக்கு ஒரே ஒரு முறைதான் போனேன்.
அங்கே வாசற்படியை மிதிக்கக்கூடாது.
மற்றதெல்லாம் மறந்தும் அது காலில் ஒட்டிக்கொண்டது.
இப்போதும் லிஃப்ட்டின் இரும்பு விளிம்பைத்
தாண்டித்தான் உள்ளே கால் வைக்கிறேன்.
ஐந்தாம் மாடிச் சிறுமி நான் எலியைப் பார்த்துவிட்டேன் என்று நினைக்கிறாள்.

சனிக்கிழமைக்கு வந்து சேர்ந்தது பல்வலியால்.
அப்ரம் கிரிஹேலி பல்வைத்தியர், என் வயதுக்காரர்.
வாயில் பஞ்சோடு நான் உளறியதைக் கேட்டுவிட்டு
"வெள்ளி மாலை வா, சோறு உண்டு" என்றார். அவ்வளவுதான்.
அவர் மனைவி மெழுகுவத்தி ஏற்றியதிலிருந்து
ஒரு பொத்தானும் அழுத்தாத இருபத்தைந்து மணி நேரம்.
ஊரையெல்லாம் மேலே ஏற்றுகிறவன்
ஒன்பது மாடி படியேறினேன்.
மூன்றில் வெங்காயம் வதங்கியது.
நான்கில் யாரோ பியானோவில்
அதே தப்பை அதே இடத்தில் திரும்பத் திரும்ப.
இருபது வருடம் அந்தக் கட்டடத்தின் முதுகெலும்புக்குள் கிடந்தும்
அதன் குரலை நான் கேட்டதில்லை.

ஆறாவது சனிக்கிழமை, சுவருக்குள் தட்டும் சத்தம்.
பெட்டி நடுவழியில் நின்றிருந்தது.
இருட்டில் சியாலா, ஆஸ்துமாக்காரி,
மூச்சு விசிலடித்தது.
மேலிருந்து அப்ரம் கத்தினார்:
"போ! உயிருக்கு முன்னால் சனிக்கிழமை கிடையாது.
அதோடு, இது உன் கடனே இல்லை!"

இயந்திர அறைக்கு ஓடி, பிரேக்கைத் தளர்த்தி,
சக்கரத்தைக் கையாலேயே சுற்றி
அங்குலம் அங்குலமாய் அவளை இறக்கினேன்.
விளக்கைப் போட்டேன். விசையைத் திருப்பினேன்.
தவறில்லை, தெரியும்.
ஆனாலும் உள்ளே எதுவோ கீறல் விட்டது.
கடனே இல்லாதவனுக்கு
எங்கிருந்து வந்தது இந்த நஷ்டம்?

சியாலா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு திரும்பியதும்,
நன்றி என்றாள்.
எனக்கு வந்ததல்ல அந்த உறை.
யாருடையதென்று தெரியும்வரை இருக்கட்டும் என்று
பழையதோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

லிஃப்ட் ஓடத் தொடங்கியது. கதவைத் திறந்து காத்திருந்தது.
இருட்ட இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.
படியேறினேன்.